ஆதரிக்கப்படாத வடிவம்

இரண்டரை நிமிடம் இறங்கினால் நான் இருப்பேன்,
திபிலிசி மெட்ரோவின் ஆழத்தில்,
எஸ்கலேட்டர் காலடியில் ஒரு கண்ணாடிக் கூண்டில்.
யாராவது விழுந்தால் சிவப்புப் பொத்தானை அழுத்த வேண்டும்.
பதினோரு வருடத்தில் நான்கு முறை அழுத்தியிருக்கிறேன்,
அதில் ஒன்று, உருண்டு வந்த தர்பூசணிக்காக.

கூண்டுக்குள் போன் கூடாது.
பிளேயரைப் பற்றி விதியில் ஒரு வார்த்தை இல்லை,
விதியை எழுதிய காலத்தில் அது பிறக்கவே இல்லை.
ஒரு காதில் மாட்டிக்கொள்வேன்.
மறு காது சக்கரங்களுக்கு.

தீப்பெட்டி அளவு. பழம்பொருள் சந்தையில் பன்னிரண்டு லரி.
"எல்லாப் பாட்டும் பாடும்" என்று அட்டையில் அச்சடித்திருந்தது.
அட்டைக்கு என்ன, எதுவும் சொல்லும்.

கோச்சா அடுத்த ஸ்டேஷனின் கூண்டுக்காரன்.
மாலையில் பாட்டுக் குழுவில் அடிக்குரல்.
லாரி ஓட்டப் போலந்துக்குப் போகுமுன்
நகத்தளவு கார்டு ஒன்றை என் உள்ளங்கையில் அழுத்தினான்.
"நூற்று நாற்பத்து மூன்று இருக்கிறது, சியாலா.
ஒவ்வொன்றாகக் கேள்."

செருகினேன்.
சதுரம் சதுரம் சதுரம் கோடு சதுரம்.
எங்கள் முப்பத்து மூன்று எழுத்தும்
அதற்கு ஒரே எழுத்து.
பெயரெல்லாம் உதிர்ந்து, புள்ளிக்குப் பின்னால்
இனிஷியல் மட்டும் மிஞ்சியிருந்தது:
ஃப்ளாக். ஓஜிஜி. இன்னும் ஏதோ ஒன்று, நான் கேள்விப்படாதது.
அழுத்தினால்
ஆதரிக்கப்படாத வடிவம்.
அடுத்தது.
ஆதரிக்கப்படாத வடிவம்.
பட்டியல் இருக்கிறது, நேரம் காட்டுகிறது,
மூன்று நிமிடம் நாற்பது நொடி என்கிறது,
வாய் திறக்க மாட்டேன் என்கிறது.
ஏட்டுச் சுரைக்காயை எத்தனை முறை புரட்டுவது?

எண்பத்தெட்டாவது பாடியது.
பாடியது என்று சொல்ல முடியாது.
நாற்காலி இழுபடுகிறது. ஒருவர் இருமுகிறார்.
"நான் சரியாகத்தான் வந்தேன், நீ தூங்கிவிட்டாய்",
இது கோச்சா.
"தூங்கினேனா? உன் கடிகாரத்தைக் கொண்டுபோய் ஆற்றில் போடு."
கெட்டில் கொதிக்கிறது, யாரும் எழுந்து அணைப்பதாக இல்லை.
பிறகு ஒருவர் சுருதியை முனகுகிறார்,
இரண்டாவது குரல் பிடிக்கிறது, மூன்றாவது,
எல்லோரும் மூச்சை இழுக்கிறார்கள்
கோப்பு முடிகிறது.

ஒரு வாரம் இதையே கேட்டேன்.
எந்த நாற்காலி யாருடையது என்று தெரிந்துவிட்டது.
கெட்டிலை நானே அணைத்துவிடலாம் போலிருந்தது.

சுரங்கப் பாதையில் ரீசார்ஜ் கடை ஸவூர்,
"பத்து லரி, எல்லாவற்றையும் எம்பி த்ரீ ஆக்குகிறேன்" என்றான்.
"கொஞ்சம் தேயும்."
"தேயட்டும்" என்றேன்.

தேய்ந்தும் அழகாகத்தான் இருந்தது, குறை சொல்லக் கூடாது.
ஆனால் கோச்சா இல்லை.
மேல்குரல் இடப்பக்கம், நடுக்குரல் நடுவில்,
அடிக்குரலை வலப்பக்கம் நிறுத்திப் பதிந்திருக்கிறார்கள்.
என் வலக் குமிழ் சென்ற குளிர்காலமே செத்துவிட்டது.
கால் இல்லாத மேசைபோல் பாட்டு அந்தரத்தில் நிற்கிறது.

எண்பத்தெட்டைத் தேடினேன். காணோம்.
இடைவேளையில் மேலே ஏறிப் போனேன்.
ஸவூர் தலையைச் சொறிந்தான்:
"அது ஏற்கெனவே சரியான வடிவம், அக்கா.
மாற்ற ஒன்றுமில்லை, அதனால் பட்டியலில் சேரவில்லை."
"பழைய கார்டு எங்கே?"
திருகாணி டப்பாவைக் கவிழ்த்துத் தேடி எடுத்துத் தந்தான்.
அதற்குக் காசு வாங்கவில்லை.

கடோவிட்ஸிலிருந்து கோச்சா செய்தி அனுப்பியிருந்தான்:
கேட்டாயா?

கேட்டேன்.
நீதான் சீக்கிரம் வந்துவிட்டாய்.

எங்கே வந்தேன், என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.
பதில் பிறகு.
மேலே ஒருவர் இரண்டு கையிலும் முட்டை அட்டைகளோடு
முதல் படியில் கால் வைக்கிறார்.