இடது தோள்

வியாழக்கிழமை புதியவர் வருகிறார், ஹெல்சிங்கியிலிருந்து.
தாள்களில் பழைய குறிப்பு ஒன்றும் இருக்கக் கூடாதாம்.
மூன்று நாளாக அழிக்கிறேன்.
லியபாயா இசைக்குழுவின் நூலகம்,
கொதிகலனுக்குப் பக்கத்து அறை.
ஆறு ரப்பர், ஒரு பழைய ரொட்டி.
பென்சில் கறைக்கு ரொட்டிதான் நல்லது.

தியோடர்ஸ் க்ரூக்லிஸ் மென்மையான பென்சிலில்தான் எழுதுவார்.
"நாளைக்கு வேறு மாதிரித் தோன்றும், ஸெல்மா."
தோன்றியிருக்கிறது.
ஓரிடத்தில் 'மெதுவாக' என்று எழுதி
நான்கு முறை அடித்திருக்கிறார்.
ஐந்தாவதும் 'மெதுவாக' தான்.
இரண்டாம் வயலின்களுக்கு: கடல் வேண்டாம், கடற்கரைக் குளிர் போதும்.
நான்காவது ஹார்னுக்கு: குடித்துவிட்டு வராதே.
அதற்கடியில், வேறொரு வருஷத்துக் கையெழுத்தில்: நன்றி.

இதை அழிக்கும்போது மட்டும்
கொஞ்சம் எழுந்து போய்த் தேநீர் போட்டேன்.

அவரைப் பற்றி நான்கு மொழிகளில் எழுதிவிட்டார்கள்.
குச்சியைத் துறந்தவர் என்றார்கள்.
வெறுங்கையின் ஞானம் என்றார்கள்.
இடது தோளைச் சற்றே தாழ்த்தி
இசைக்கு வழிவிடும் பணிவு என்று
வியன்னாவில் ஒருவர் இரண்டு பக்கம் எழுதினார்.
ஒசாக்காவில், ஓஸ்லோவில், மான்ட்ரியலில்
பையன்களும் பெண்களும் கண்ணாடி முன் நின்று
அந்தத் தோளைப் பழகினார்கள்.

நான் இருபத்தேழு வருஷம் அவருக்குக் கோட்டு பிடித்தவள்.
இடது கை முதலில்.
பாதி வழியில் நின்றுவிடும், துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி.
நான் சட்டைக்கையை இறக்கிப் பிடிப்பேன்.
அவர் பல்லைக் கடித்து உள்ளே நுழைப்பார்.
வெளியே பூங்கொத்துகளோடு காத்திருப்பார்கள்.

ஐம்பத்தொன்று ஜனவரி, துறைமுகம்,
நிலக்கரி இறக்கும் கட்டாய வேலை.
சங்கிலி அறுந்து கொக்கி விழுந்தது அந்தத் தோளில்.
வயலின் படுக்கிற தோள்.
பெட்டியை மூடி அலமாரி மேல் வைத்தார், அவ்வளவுதான்.
பிறகு ஒரு வருஷம் நடன அரங்கில்
ஒற்றைக் கையால் பியானோ.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு காலை
இசைக்குழுவின் நடத்துனர் ஒத்திகைக்கு வரவில்லை.
மறுநாளும் வரவில்லை.
ஏன் என்று எவரும் கேட்கவில்லை.
கேட்கிற காலமல்ல அது.
அலுவலகத்திலிருந்து ஆள் வந்து
"நீ ஏறு" என்றான், தியோடர்ஸைப் பார்த்து.

மேடைச் சட்டத்தில் முன்னவரின் குச்சி கிடந்தது.
பிடியில் கார்க்கு, விரல் பதிந்த பள்ளத்தோடு.
"அது இன்னொருவருடையது" என்றார் என்னிடம்,
முப்பது வருஷம் கழித்து, கோட்டில் ஒரு கை நுழைந்தும்
மற்றது நுழையாமலும் நின்றபோது.
"அதைத் தொட்டால்
அவர் வரமாட்டார் என்று நானே சொன்னதாகிவிடும்."

அவர் வரவில்லை.
இவர் உயரே தூக்க முடியாத கையை இடுப்பளவில் வைத்து
இரண்டு விரலாலும் புருவத்தாலும்
நாற்பது வருஷம் நடத்தினார்.
அதைப் பார்க்க நாங்கள் எல்லோரும்
மூச்சை அடக்கிக் கொஞ்சம் முன்னால் குனிந்தோம்.
எங்கள் ஒலி அந்தக் குனிவுதான்.
வேறு ரகசியம் கேட்டு வந்தவர்களுக்கு
மீன் வறுவல் வாங்கித் தந்து அனுப்பினார்.

மறைக்கவில்லை அவர். மாணவர்கள் கேட்டால்
"தோளா? வலி" என்பார்.
அவர்கள் சிரித்து
அதையும் குறித்துக்கொள்வார்கள்.

வியாழன். புதியவர் வந்துவிட்டார். முப்பது வயதிருக்கும்.
பழக்கத்தில் எழுந்து கையை நீட்டினேன்.
கோட்டைத் தானே கழற்றி
இடது கையால் மேல் கொக்கியில் மாட்டினார்,
எட்டி, சுலபமாக.

தாள்கள் வெள்ளையாக இருந்தன.
குச்சி இல்லாமல் ஏறினார்.
மெதுவான பகுதியில், அதே அடியில்,
வலியில்லாத அந்தத் தோள் தாழ்ந்தது.
நான்காவது ஹார்ன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
நான் மடியிலிருந்த ரொட்டித் துகளைத் தட்டினேன்.

குச்சி என் இழுப்பறையில்தான் இருக்கிறது.
இன்னும் யாரும் கேட்கவில்லை.