டீக்கணக்கு

பத்து ரூபாய் வில்லை ஒட்டி
நான் கேட்டது ஒரே கேள்வி:
என்னைப் பற்றி
என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள்?

முப்பதாம் நாள் பதில் வந்தது.
காங்கயத்துத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு
"கோர்ட்டுங்களா?" என்றார்.
"இல்லீங்க, நாந்தான் கேட்டிருந்தேன்."

ஒரே தாள். பாதிக்கு மேல் முகவரி.
மீதியில் பிரிவு இருபத்து நான்கு, உட்பிரிவு நான்கு,
ஓர் அரசாணை எண்.
நுண்ணறிவுப் பிரிவுக்கு இச்சட்டம் பொருந்தாது எனத்
தெரிவிக்கலாகிறது.
தெரிவிக்கலாகிறது.
யார் தெரிவிக்கிறார் என்பது
அந்தச் சொல்லுக்குள்ளேயே இல்லை.

யார் எழுதினார் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

என் கொரங்காட்டில் மின்கோபுரத்துக்குக் குழி வெட்டிய வருசம்
கிளுவை வேலியோரம் பதினொரு நாள் உட்கார்ந்தோம்.
மஃப்டியில் வந்தார் ஏட்டு சென்னியப்பன்.
சட்டை வெள்ளை, வேட்டி வெள்ளை,
காலில் மட்டும் போலீஸ் ஷூ.
வெக்கை தாங்காமல் எங்கள் பந்தலுக்குள்ளேயே வந்து
என் பக்கத்தில் உட்கார்ந்துதான் வேவு பார்த்தார்.

"ஏனுங்க்கா, இன்னைக்கி எத்தன பேருங்க?"
நாற்பத்திரண்டு என்றேன்.
"நாப்பதுன்னு போட்டுக்கறனுங்க, முழுசா இருக்கட்டும்.
துளசிமணிக்கு எந்த ளவுங்க, சின்னதா பெருசா?"
பெருசு என்றேன்.
"பொறுப்பு ஏதாச்சும்?"
மாவட்ட இணைச் செயலாளர் என்றேன்.
அப்படி ஒரு பதவி எங்கள் சங்கத்தில் கிடையாது.
சும்மா, வாய்க்கு வந்தது.
அவரும் அழுத்தி எழுதிக்கொண்டார்.

நாலு வருசம் கழித்து
மஸ்கட்டில் மகளுக்கு ஒன்பதாம் மாதம்.
பாஸ்போர்ட் வரவில்லை.
காவல் துறை அறிக்கை பாதகம் என்றது கம்ப்யூட்டர்.
எது பாதகம்?
நான் உட்கார்ந்ததா, இல்லாத பதவியா,
விட்டுப்போன அந்த ரெண்டு பேரா?
நானே சொல்லச் சொல்ல எழுதிய நோட்டு
எனக்குத்தான் ரகசியம்.

பேரன் பிறந்து, செல்போனில் சிரித்து,
குப்புற விழவும் பழகிவிட்டான்.

ஒரு ராத்திரி சட்டப் புத்தகத்தை மறுபடி பிரித்தேன்.
எல்லாக் கதவையும் சாத்திய அதே பத்தியில்
'ஆயினும்' என்று ஒரு சந்து.
மனித உரிமை மீறல், ஊழல் என்று
குற்றச்சாட்டு இருந்தால் மட்டும் தரலாமாம்.

ஊழலா?
பந்தல் வரவுசெலவு நோட்டை எடுத்தேன்.
சுண்ணாம்பு, சாக்கு, மைக்செட் வாடகை;
தினமும் கடைசி வரியில்
'போலீஸ்காரர் டீ 1: ரூ.10.'
பதினோராம் நாள் எங்களைக்
கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள்.
அன்றைக்கு டீ அரசாங்கச் செலவு.
ஆக பத்து டீ. நூறு ரூபாய்.
கையூட்டு என்று எழுதி, தேதிகள் போட்டு,
ஒரு டீ விலைக்கு ஒரு வில்லையும் ஒட்டிவிட்டேன்.

உறையை மடிக்கும்போது
அந்தக் கடைசி நாள் ஞாபகம் வந்து தொலைத்தது.
மண்டபத்து வாசலில் நின்று,
"அக்காவோட மாட்டுக்கு ஆரும் தண்ணி காட்டலீங்க,
செத்தப் போய்ப் பாத்துருங்க" என்று
பக்கத்துக் காட்டுக்குப் போன் போட்டவர் அவர்தான்.
அது எந்தக் கோப்பிலும் இருக்காது.
எந்தப் பிரிவிலும் கேட்டு வாங்க முடியாது.

உறை அரிசி டப்பாமேல் கிடந்தது.
ஒரு வாரம். அப்புறம் இன்னொரு வாரம்.

நேற்று சாயங்காலம் போன்.
"அக்கா, சென்னியப்பனுங்க. மனுப் போட்டீங்களாமா?
எதுக்குக் கேட்டாங்கன்னு மேலிருந்து கேக்கறாங்க,
ஒரு ரிப்போர்ட்டு எழுதோணும்.
என்னன்னு எழுதட்டுங்க?"

கோபுரத்தின் கீழே மாடு மேய்ந்துகொண்டிருந்தது.
தலைக்கு மேலே கம்பி உர்ரென்றது.

எழுதிக்கோங்க என்றேன்.
நிறுத்தி நிறுத்தி, கை எட்டுகிற வேகத்தில் சொன்னேன்.
இந்த முறை
எந்த ள என்று அவர் கேட்கவில்லை.