பிரிவு பதினான்கு

மார்ச் முதல் செவ்வாய். பள்ளியின் உடற்பயிற்சிக் கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழே ஊர் உட்கார்ந்திருக்கிறது,
சேற்றுச் சப்பாத்துகளை வாசலில் கழற்றிவிட்டு
காலுறையோடு.
தரைக்குப் புது வார்னிஷ்.
ஒரு சொட்டும் சிந்தக்கூடாது என்பதுதான்
காலையின் முதல் அறிவிப்பு.

வெர்மான்டின் இந்தச் சின்ன ஊரில்
வருடத்துக்கு ஒரு நாள் எல்லாரும் சட்டசபை.
எனக்கு இது முதல் தடவை.
குடியுரிமைத் தாளின் மை
இன்னும் விரலில் ஒட்டுவதுபோல் ஒரு எண்ணம்.
ஆனால் எனக்கு இவர்களைத் தெரியும்.
பதினோரு குளிர்காலமாய்
இவர்களின் கொதிகலன்களைத் திருத்துகிறேன்.
யார் வீட்டு நிலவறையில் எலி,
யார் வீட்டில் ஒளித்துவைத்த விஸ்கி,
எந்த வீட்டில் ஒரு பையனின் ஹாக்கி மட்டை
அவன் போன நாளிலிருந்து அசையாமல் நிற்கிறது,
தெரியும்.

பிரிவு ஒன்பது: பனி வாரும் லாரி வாங்குவது.
ஒரு மணி நேரம், இருபது நிமிடம்.
டயரின் அகலத்துக்கே மூன்று பேர் எழுந்தார்கள்.

பிரிவு பதினான்கு:
இந்தப் போரை நிறுத்தும்படி
தலைநகருக்கு ஊர் எழுதுவதா, இல்லையா.

பதினொரு நிமிடம்.
"நாம் சொன்னால் யார் கேட்பார்?" என்றார்
மாடு வளர்க்கும் டுவேன் பெலாஞ்சர்.
"கேட்காவிட்டால் சொல்லக்கூடாதா?" என்றாள் யாரோ,
பின்னலூசியை நிறுத்தாமலே.
பிறகு ரோக்சேன் லமூரோ எழுந்தாள்.
ஹாக்கி மட்டை அவள் வீட்டில்.
"அவன் அங்கே நிற்கும்போது
அது வீண் என்று என் கையால் எழுத மாட்டேன்."
உட்கார்ந்தாள்.
அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை.
அவளோடு எனக்கு உடன்பாடில்லை.
அவளுக்கு எதிராய் ஒரு சொல்லும் வரவில்லை.

"ஆதரிப்பவர்கள் கை உயர்த்தவும்."

கையைத் தூக்கு.
இந்தச் சொல்லுக்கு என் உடம்பில்
வேறொரு அகராதி இருக்கிறது.
அங்கேயும் தூக்கினோம், இரண்டு கையும்,
உப்புத் தண்ணீரில் முழங்கால் வரை நின்று.
அங்கேயும் எண்ணினார்கள்.
போர் வேண்டுமா என்று மட்டும்
முன்னமோ பின்னமோ
ஒருவரும் கேட்கவில்லை.

இடக்கையில் சூப்பு.
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றுலாவுக்காக விற்றது,
விளிம்புவரை சூடு. கீழே வார்னிஷ்.
ஆகவே வலக்கை.
தோளுக்குள் ஒரு துண்டு இரும்பு
எனக்கு முன்பே இந்த நாட்டின் விமான நிலையங்களோடு
பேசிப் பழகியது.
காது மட்டம் வரைதான் கை போகும்.
அதற்கு மேல் வானம் இல்லை.

எடித் கோபர்ன் எண்ணிக்கொண்டு வருகிறாள்,
பென்சிலால் காற்றைக் குத்திக் குத்தி.
என் வரிசை.
என்னைப் பார்த்தாள்.
காதைச் சொறிகிறேன் என்று நினைத்தாளோ,
பென்சில் என்னைத் தாண்டிற்றோ, தொட்டதோ,
எனக்கு முன்னால் ஒரு உயரமான தொப்பி.
கத்தியிருக்கலாம்.
கையைத் தூக்கி நிற்கும்போது
சத்தம் போடாமலிருக்கப் பழகியவன் நான்.

ஆதரவு எண்பத்தொன்று.
எதிர்ப்பு எண்பத்து நான்கு.
என்னைச் சேர்த்திருந்தாலும் தோற்றிருக்கும்.
இந்தக் கணக்கு ஏன் ஆறுதல் தரவில்லை என்று
நின்றபடியே யோசித்தேன்.
சுத்தியல் மேசையில் விழுந்தது.
ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரங்களில் தொங்கிய வாளிகள்
தம்பாட்டில் நிறைந்தன.

பிரிவு பதினைந்து:
நாய் உரிமக் கட்டணத்தை
இரண்டு டாலர் கூட்டுவது.
"ஆதரிப்பவர்கள்?"

குளிரில் என் தோள் இறுகிவிட்டால்
இறங்கக் கொஞ்ச நேரம் வேண்டும்.
எடித் திரும்பி வந்தாள்,
இந்த முறை என் முன்னாலேயே நின்றாள்,
கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள்,
என் கைக்கு நேரே காற்றில்
பென்சிலைத் தெளிவாகக் குத்தி,

"முப்பத்தேழு" என்றாள்.

என்னிடம் நாய் இல்லை.