நூற்றுப் பதிமூன்று

அக்தாவ் சந்தையில்,
கார் பேட்டரிகளுக்கும் கருவாட்டுக்கும் நடுவே
மெய்ராம் கடை போட்டிருக்கிறான்.
மூன்று ஜிபிஎஸ் கருவிகளைச்
சீட்டுக்கட்டு போலப் பரப்பினான்.

"ஒட்டக டாக்டருக்கு இது போதும்"
என்று முதலாவதைத் தள்ளினான்.
தொடுதிரை. முகம் பார்த்துப் பொட்டு வைக்கலாம், அத்தனை பளபளப்பு.
நான் கையுறையைக் கழற்றவில்லை.
பிப்ரவரி; வெளியே உறைநிலைக்குக் கீழே பதினான்கு.
விரலால் தட்டினேன்.
அது என்னைக் கண்டுகொள்ளவே இல்லை.

இரண்டாவது பேசும்.
ரஷ்ய மொழியில், தூங்கி எழாத ஒரு பெண்குரலில்:
"இருநூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்."
உஸ்த்யுர்த் மேட்டில்
எல்லாப் பக்கமும் இடப்புறம்தான்.
பேசாத ஒன்று வேண்டும் என்றேன்.
"வீட்டில் ஏற்கெனவே ஒருவர் பேசுகிறாரா?"
என்று சிரித்தான்.
நானும் சிரித்து வைத்தேன், விலை குறையட்டும் என்று.

மூன்றாவது செங்கல் கனம்.
ரப்பர் பித்தான்கள், ஒன்று பாதி தேய்ந்தது.
இரண்டு பென்சில் பேட்டரி போதும்;
எந்தக் குக்கிராமத்திலும் கிடைக்கும்,
சோப்புக்குப் பக்கத்தில்.
மேசையிலிருந்து கீழே போட்டுப் பார்த்தேன்.
மெய்ராம் கண்ணை மூடிக்கொண்டான்.
எடுத்துக் கதவோரம் கொண்டுபோனால்
ஒன்றும் நடக்காததுபோல
எட்டு செயற்கைக்கோள் காட்டியது.

யாருடையது?
"எண்ணெய்க் கம்பெனி டிரைவர் ஒருத்தன்.
பெயர் கேட்கவில்லை.
அவன் குறித்து வைத்ததெல்லாம் உள்ளே கிடக்கிறது,
அழித்துத் தருகிறேன்."
பித்தான் மேல் அவன் கட்டைவிரல்.
இருக்கட்டும், என்றேன்.
அதற்கும் சேர்த்துப் பணம் கேட்பானோ என்று
ஒரு நொடி பயந்தேன்.

இரவு சமையலறையில் உட்கார்ந்து படித்தேன்.
நூற்றுப் பன்னிரண்டு குறிகள்.
டீ.
கிணறு, உப்பு.
கிணறு, பரவாயில்லை.
நாய் கடிக்கும்.
அதே இடத்தில், வேறொரு தேதியில்: நாய் இல்லை.
டயர். டயர். டயர், அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை.
அக்மரால் என்ற பெயர் மூன்று இடங்களில்,
மூன்றும் ஊரில்லாத இடம்.
துஸ்பாயிர் உப்புச் சதுப்பின் ஓரத்தில்
ஒரே ஒரு சொல்:
வேண்டாம்.

மார்ச் கடைசியில் சாகென் போன் செய்தான்.
கன்று குறுக்கே கிடக்கிறது,
தாய் காலையிலிருந்து எழவில்லை.
திரையில் கோடு போட்டேன்.
சதுப்பின் குறுக்கே ஒன்பது கிலோமீட்டர்.
சுற்றிப்போனால் நாற்பத்தொன்று.
அம்பு நேரே காட்டியது. அதற்கென்ன,
அது சட்டைப் பையில் வருகிறது.

அவன் கொடிக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன்.
வெள்ளை வெளேரென்று, காய்ந்து,
கல்யாண மண்டபத் தரை போல இருந்தது.
இறங்கி நடந்தேன்.
பத்தடி, பதினைந்தடி, ஒன்றுமில்லை.
முகம் தெரியாத ஒருவன்
எப்போதோ பயந்ததற்கு நான் ஏன்
முப்பத்திரண்டு கிலோமீட்டர் அதிகம் ஓட வேண்டும்
என்று நினைத்த அடியில்
உப்புத்தோல் உடைந்தது.
ஆழம் தெரியாமல் காலை விட்டேன்.
ஆழம் தெரிந்தது: முழங்கால்வரை,
கறுப்பாக, சில்லென்று, அழுகிய முட்டை வாசம்.
குப்புற விழுந்து கையால் துழாவி
காலை இழுத்துக்கொண்டேன்.
பூட்ஸ் வரவில்லை.

ஒற்றைக் காலுறையோடு கிளட்ச் மிதித்து
நாற்பத்தொன்றையும் ஓட்டினேன்.
தோள்வரை கைவிட்டுத் திருப்பியதில்
கன்று பிழைத்தது; கொஞ்சம் கோணலான கழுத்து.
தாய் எழ இரண்டு நாள் ஆயிற்றாம்.
சாகெனின் மனைவி தன் ரப்பர் செருப்பைக் கொடுத்தாள்.
இன்னும் திருப்பித் தரவில்லை.

அக்மரால், இரண்டாவது குறி,
திரும்பும் வழியில்தான் இருந்தது.
நின்றேன்.
துருப்பிடித்த ஒரு பீப்பாய். காற்று.
நிற்கும் உயரத்திலிருந்து கடல் தெரியுமோ என்று பார்த்தேன்;
தெரியவில்லை.
கேட்பதற்கு யாருமில்லை.

வண்டியில் உட்கார்ந்து,
தேய்ந்த பித்தானை மேலும் கீழும் அழுத்தி,
எழுத்துக்கு எழுத்து தேடி,
அவனுடைய வேண்டாமுக்குச் சற்றுத் தள்ளி
என் முதல் குறியைப் போட்டேன்.
நாலு நிமிடம் ஆயிற்று.
பூட்ஸ், இடது கால்.