ஏழாம் துண்டு

காவல்கிணறு முக்கில், டயர்க்கடைக்குப் பின்னால்
எங்கள் சோதனைக்கூடம்.
ஆனி மாதம்.
கணவாய்க் காற்று ஜன்னல் கம்பியைப் பிடித்து உலுக்குகிறது.
காற்றாலை இறக்கையின் நிழல்
தரையில் விழுந்து, மேசையேறி, சுவரில் மறைகிறது.
அந்தச் சுற்றுகளை யாரும் எண்ணுவதில்லை.
நாங்கள் எண்ணுவது உள்ளே:
நொடிக்கு இருபது இழுப்பு.

டைட்டானியமும் அலுமினியமும்
ஏறக்குறையச் சரிபாதி சேர்ந்த கலவை.
கையில் எடுத்தால் கனமில்லை,
சூட்டுக்கு அசராது,
டர்பைன் இதழாகிப் பறக்க வேண்டியது.
குளிர்ந்திருக்கையில் மட்டும் கண்ணாடிக் குணம்.

ஒரே உலை, ஒரே வார்ப்பு, ஒரே பளு.
ஆறாம் துண்டு ஒரு கோடி இழுப்புக்கு
அப்படியே நின்றது, ஐந்தே முக்கால் நாள்.
கழற்றி டப்பாவில் போட்டோம்.
ஏழாம் துண்டு
நாற்பத்தோராயிரத்து இருநூறில் போய்விட்டது.
வெளியே வள்ளியூர் பஸ் ஏறியவர்
இறங்கி வீட்டுக்கு நடந்திருப்பார், அவ்வளவுதான்.

“சவத்த, கிரிப்ப நான் சரியாத்தான் இறுக்குனேன்”
யாரும் கேட்காமலே சொன்னான் தவசிக்கனி.
“கரண்டும் போகல. பக்கத்துலயேதான் நின்னேன்.”

பெங்களூரிலிருந்து மேலாளர் கூப்பிட்டார்.
அந்த ஒரு புள்ளியை எடுத்துவிடுங்கள் மேடம்,
கோடு அழகாக வரும்.
பார்க்கிறேன் என்றேன்.
பார்த்தேன்.

உடைந்த முகத்தில், ஓரத்தில்,
மிளகில் பாதி இருக்குமா,
ஒரு தட்டைப் பளபளப்பு.
மற்ற இடமெல்லாம் கிழிசல்,
அங்கு மட்டும் வழுக்கல்.
வெட்டி, தேய்த்து, அமிலம் காட்டி
நுண்ணோக்கியில் வைத்ததும்
திரை நிறைய மெல்லிய வரிகள்,
கட்டுக் கட்டாய், கட்டுக்கொரு திசையாய்.

என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான்.
ஆத்தூரில் அவன் வீட்டுக்குக் கொடிக்கால் உண்டு.
“கவுளி அடுக்கிவச்ச மாதிரில்லா இருக்கு.
கூடைய எவனோ கவுத்துட்டுப் போயிருக்கான்.”

அவன் சொன்ன பிறகு
வேறெதுவாகவும் அது தெரியவில்லை.
நாங்கள் மேலும் கீழும் இழுக்கிறோம்.
செங்குத்தாய் நிற்கும் கவுளியை
விரிசல் இலை இலையாய்க் கிழித்துத்தான் கடக்கவேண்டும்.
படுத்திருக்கும் கவுளியில்
இலைக்கும் இலைக்கும் நடுவே நழுவிவிடும்.
ஏழாவதில், தோலுக்கு அடியிலேயே
நல்ல பெரிய கவுளி ஒன்று படுத்துக் கிடந்தது.
வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.
மேற்பரப்பை முகம் தெரியப் பாலிஷ் செய்தவளே நான்தான்.

கவுளியே வேண்டாம், எல்லாவற்றையும்
குருணையாய் ஆக்கிவிடலாம், வெப்பம் மாற்றினால் முடியும்.
விரிசல் தொடங்கத் தாமதமாகும்.
தொடங்கிவிட்டால் மறிக்க ஆளிருக்காது.
எது தேவலை என்று
மேலாளரும் கேட்கவில்லை, கலவையும் சொல்லவில்லை.

அயர்ச்சி என்று பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது.
அயர்ந்தவர் தூங்கி எழுந்தால் தீரும்.
இங்கே ஒவ்வொரு இழுப்பும் கணக்கில் நிற்கிறது,
ஞாயிற்றுக்கிழமை மெஷினை நிறுத்தினாலும்.

பிறகு, செய்யச் சொல்லாத ஒன்றைச் செய்தேன்.
டப்பாவைத் திறந்து ஆறாம் துண்டை நடுவில் அறுத்தேன்.
ஒரு கோடி தாங்கியதை.
தவசிக்கனிக்கு மனசே இல்லை.

அதிலும் இருந்தது.
அதே மாதிரி படுத்த கவுளி,
அதே மாதிரி நழுவல், மயிரளவு.
அடுத்த கவுளி நிமிர்ந்து நின்றிருக்கிறது.
அதன் ஓரத்தில் முட்டி, சற்றே வளைந்து,
விரிசல் அங்கேயே நின்றுவிட்டது.

தப்பியதென்று நாங்கள் எழுதி வைத்ததும்
உடைய ஆரம்பித்ததுதான்.

இரண்டு படத்தையும் அனுப்பினேன்.
புள்ளி இருக்கும், என்று ஒரு வரி.
பதில் இன்னும் வரவில்லை.
எட்டாம் துண்டைக் கிரிப்பில் மாட்டிவிட்டு
அவன் ரசவடை வாங்கப் போயிருக்கிறான்.
எண் ஓடுகிறது.
நாற்பதாயிரம் தாண்டும்வரை
நான் நாற்காலியில் உட்காரவில்லை.