புனல் என்னிடம்

விவாகரத்தில் அரவை எந்திரம் அவனுக்குப் போனது.
அதன் வாயில் மாட்டும் தகரப் புனல்
என் இழுப்பறையில், கரண்டிகளுக்கு அடியில்,
யார் கண்ணிலும் படாமல் தங்கிவிட்டது.
நீதிபதி வீட்டில் குபாத்தி செய்வதில்லை போலும்.

புனல் இல்லாத எந்திரம் தட்டில் கறியைத் துப்பும், அவ்வளவுதான்.
எந்திரம் இல்லாத புனலால்
பாட்டிலில் எண்ணெய் ஊற்றலாம்.
ஆகவே டிசம்பர் இருபத்தெட்டு, மழை,
சுக்டிடியில் மூன்றாவது மாடி,
போந்தோ வந்து நிற்கிறான்
அவ்வளவு இரும்பையும் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு.
ஷூவைக் கழற்றவா என்று கேட்கிறான்.
பதினொரு வருடம் கழற்றிய இடம்.

குடலை வினிகர் தண்ணீரில் மூன்று முறை அலசியிருந்தேன்.
ஒரு முனையை உதட்டில் வைத்து ஊதினேன்.
விளக்கு வெளிச்சத்தில் நீண்டுகொண்டே போனது.
ஓட்டை இருந்தால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும்.
ஓரிடத்தில் காட்டிக்கொடுத்தது. வெட்டி எறிந்தேன்.

அவன் கைப்பிடியைச் சுற்றினான்.
பன்றியின் தோள்கறி, கொழுப்பு, கொஞ்சம் ஈரல்,
பூண்டு, கொத்தமல்லி விதை, வற்றல் மிளகாய்,
காய்ந்த கொந்தாரித் தழை, ஒரு கை மாதுளை முத்து.
கடைசியாக உத்ஸ்கோ சுனேலி.
அந்நிய மசாலா என்று அதற்குப் பொருள்.
வளர்வதென்னவோ எங்கள் வேலியோரம்தான்.
அந்நியம் என்று ஒருமுறை பேர் வைத்துவிட்டால்
பிறகு யாரும் திருத்துவதில்லை.

ஒரு சிட்டிகைக் கறியைப் பொரித்து உப்புப் பார்த்தோம்.
குறைவு என்றான்.
சரியாக இருக்கிறது என்றேன்.
அவன் ஜன்னல் பக்கம் திரும்பியபோது
அரைக் கரண்டி சேர்த்தேன்.

புனலில் குடல் ஏறியது, ஈரக் காலுறை மாதிரி.
அவன் தள்ள, நான் பிடிக்க,
"மெதுவா."
"நீ இழுக்காதே."
"மெதுவான்னு சொன்னேன்."
எதிர்வீட்டுக்குக் கேட்டிருந்தால்
மறுபடி சேர்ந்துவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

முனைகளை நூலால் கட்டி லாடம்போல் வளைத்து வைத்தேன்.
பதின்மூன்று.
ஆறு அவனுக்கு, ஆறு எனக்கு.
இதற்கு வக்கீல் தேவைப்படவில்லை.

மிச்சம் ஒன்று.
கொதிநீரில் ஒரு முழுக்குப் போட்டு எடுத்து
ஊசியால் ஏழெட்டு இடத்தில் குத்தினேன்.
குத்தாமல் போட்ட வருடத்தின் கறை
இன்னும் கூரையில் இருக்கிறது,
இரண்டு முறை வெள்ளையடித்தும்.
அவன் அண்ணாந்து பார்த்தான்.
அது அவன் போட்டது.

வாணலியில் முதலில் முணுமுணுப்பு.
கொழுப்பு உருகி, தன் எண்ணெயில் தானே பொரிய,
பிறகு சடசடவென்று வாய்த்தகராறு.
ஒரு துளி தெறித்து அவன் மணிக்கட்டைச் சுட்டது.
குழாயைத் திறந்துவிட்டேன்; கையைப் பிடிக்கவில்லை.
திருப்பிப் போட்டேன். லாடத்தின் வெளிவளைவு கருஞ்சிவப்பு.
மேல்வீட்டு சிட்சினோ குழாயில் இரண்டு தட்டுத் தட்டினாள்.
வாசனை மாடியேறிவிட்டது என்று அர்த்தம்.

மக்காச்சோளக் களி கிண்டவில்லை.
கிண்டினால் தட்டு வைக்கவேண்டும்,
நாற்காலி இழுக்கவேண்டும்.
நின்றபடி, வாணலியிலிருந்தே,
ஆளுக்கொரு முனையிலிருந்து
புளிப்பு பிளம் சாற்றில் தொட்டுத் தின்றோம்.
நடுத்துண்டு கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தது.
பிறகு நான் எடுத்துக்கொண்டேன். பசி.

எந்திரத்தைத் துணியில் சுற்றினான்.
வாசலில் குனிந்து கயிறு கட்டும்போது
"உப்பு சரியாகத்தான் இருக்கு" என்றான், ஷூவிடம்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
புனலைக் கழுவிக்கொண்டிருந்தேன்.