தேய்மானம்

தலை கிடையாது.
கழுத்தில் விழுந்த வெட்டு பழையது,
அதன் மேலும் பாசி ஏறிவிட்டது.
வலது கை மண்ணைத் தொடுகிறது,
தொட்டுக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.
இப்போது அந்த விரல்களுக்குக் கீழே
கிடங்கின் மரப்பலகை.

நான் நிரப்ப வேண்டியது ஒரு படிவம்.
பொருள்: எரிமலைக் கல்.
உயரம்: எண்பத்து மூன்று சென்டிமீட்டர்.
(தலையோடு எவ்வளவு என்று கேட்கும் கட்டம் இல்லை.)
கிடைத்த இடம்: பாபெலான் ஆற்றங்கரை, துவைக்கும் துறை.
சேதம்: இடது முழங்காலில் பள்ளம்,
நான்கு விரல் அகலம், வழுவழுப்பு.
காரணம்:

மழை என்று எழுதட்டுமா என்றேன்.
மழைக்கு இடது வலது தெரியுமா என்றார்
பக் ஹெர்தந்தோ.
போய்க் கேட்டு வா.

மெராபி அன்று மேகத்துக்குள் இருந்தது.
மணல் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக
ஆற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் போயின.
சிலை பெயர்த்த குழியில் தண்ணீர் ஊறி
ஒரு நண்டு குடிவந்திருந்தது.

"நான்தான்" என்றாள் வாகியெம்.
குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரல் அல்ல.
கதவைத் தட்டும்போது
யாரது என்று உள்ளேயிருந்து கேட்டால்
சொல்வோமே, அந்த நான்தான்.
"புல்லரிவாள், மூங்கில் கத்தி, பெருநாளுக்குத் தேங்காய்க் கத்தி.
எனக்கு முன்னால் என் மாமியார்.
அவள் கட்டிக்கொண்டு வந்தபோதே பள்ளம் இருந்ததாம்.
இவர் மடியில் ஒரு நிமிஷம் உட்காராமல்
யாரும் புல்லுக்குப் போனதில்லை.
கத்தியைச் சொல்கிறேன்."

யாரென்று தெரியுமா இவர்?
"பேர் தெரியாது.
ஆனால் குந்துவதற்கு முன்
நுவுன் செவு சொல்லிவிட்டுத்தான் குந்துவேன்."
ஆயிரம் மன்னிப்பு.
பெரியவர்கள் முன்னால் குனிந்து நடக்கும்போது
எங்கள் ஊரில் எல்லாரும் சொல்வது.

திரும்பி வந்து பார்த்தேன்.
படிவத்தில் மூன்றே கட்டங்கள்:
இயற்கை. விபத்து. வன்செயல்.
பேனாவை மூடி வைத்தேன்.

ஒப்படைத்ததற்கு அரசாங்கம் உறை ஒன்று கொடுத்தது.
அதில் அவள் முந்திலான் சந்தையில்
ஒரு சாணைக்கல்லும்
மீதிக்கு இரண்டு கோழியும் வாங்கினாள்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தைய நாள்,
காவலர் சுகெங் அசர் தொழுகைக்குப் போயிருந்த நேரம்,
செய்தித்தாளில் சுற்றிய வெட்டுக்கத்தியோடு
கிடங்கு வாசலில் வந்து நின்றாள்.
"சந்தைக் கல் இரும்பைத் தின்கிறது,
கூர் மட்டும் தரமாட்டேன் என்கிறது."

நான் அரசு ஊழியன். ஆறு வருடம்.
எந்தச் சட்டம், எந்தப் பிரிவு,
எத்தனை வருடம் உள்ளே,
எல்லாம் தெரியும்.
வழிவிட்டு நின்றேன்.

மூக்கில்லாத நந்தியைத் தாண்டினாள்.
தும்பிக்கை பாதியில் நின்றுபோன கணபதியைத் தாண்டினாள்.
யாரும் நிற்காத பதினான்கு பீடங்களைத் தாண்டி,
வெள்ளைச் சாயத்தில் எண் எழுதிய தோளைப் பார்த்ததும்
நுவுன் செவு.
குந்தினாள்.
கத்தியை எடுக்கவில்லை.
உள்ளங்கையைப் பள்ளத்தில் வைத்தாள்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.

"காய்ந்து கிடக்கிறாரே.
இங்கே தண்ணீர் கிடையாதா?"

ஈரப்பதம் பற்றிய சுற்றறிக்கை
என் தலைக்கு மேலேயே ஒட்டியிருக்கிறது.
தேநீர்த் தம்ளரை இரண்டு தடவை கழுவி
நிரப்பிக்கொண்டு வந்தேன்.

ஊற்றினாள்.
சாம்பல் நிறமாய் இருந்த முழங்கால்
ஆற்றின் கறுப்புக்குத் திரும்பியது.
பிறகு அந்தச் சத்தம்.
அவசரமில்லாமல், போய், வந்து, போய்.
எண்ணிக்கொண்டிருந்தவன்
எங்கோ இருபதைத் தாண்டி விட்டுவிட்டேன்.

மறுநாள் விடுமுறை.
அதற்கு அடுத்த நாள், யாரும் வருவதற்கு முன்,
பள்ளத்தின் ஆழத்தை மீண்டும் அளந்தேன்.
இரண்டு புள்ளி ஒன்று.
பழைய எண்ணேதான்.
எங்களிடம் இருக்கும் அளவுகோல்
அதற்கெல்லாம் போதாது.